பாதி முட்டைக்கோஸ் கேட்கிறோம்

உணவை வீணாக்காதீர்கள் என்று சொல்லும் எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும் அது வீட்டில் சமைப்பவரிடம்தான் பேசுகிறது. பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், அளவாகச் சமையுங்கள், மிஞ்சியதை மறுநாள் சாப்பிடுங்கள். எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் நம் வீடுகளுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தவர்கள், காலைச் சட்னியை மதியம் தயிரில் கரைத்தவர்கள், பழுத்த வாழைப்பழத்தைப் பணியாரமாக்கியவர்கள் வளர்த்த பிள்ளைகள் நாம். தட்டில் ஒரு பருக்கை கிடந்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் வீட்டிலும் வாரக் கடைசியில் பாதி ரொட்டியும் அழுகிய கீரையும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன என்றால், சமைப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நான் நம்புவது இது. வீட்டில் வீணாகும் உணவில் பெரும்பகுதி வீணாகப்போகிறது என்பது, அது வாசலைத் தாண்டி உள்ளே வருமுன்பே முடிவாகிவிடுகிறது. பொட்டலம் எவ்வளவு பெரியது என்று தீர்மானித்தவரும், தேதியை அச்சடித்தவரும், ‘இரண்டு எடுத்தால் மலிவு’ என்ற அட்டையை மாட்டியவரும் அதில் பங்காளிகள்.

சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டு சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 7,55,000 டன். அதில் மறுபயனீடு ஆனது 18 விழுக்காடு. மீதி எரிஆலைக்குப் போய்ச் சாம்பலாகி, செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999-இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்துத் தேசியச் சுற்றுப்புற வாரியம் செய்த ஆய்வில், ஒரு வீடு நாளொன்றுக்கு வீசும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குப்பையில் பாதி உணவுதான் என்று தெரிந்தது. அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது. அதிகம் வீசப்பட்டவை சோறு, நூடல்ஸ், ரொட்டி. சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் 2019-இல் போட்ட கணக்குப்படி ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 258 வெள்ளி மதிப்புள்ள உணவையும் பானத்தையும் வீசுகிறது. உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் லாரியிலும் வந்து சேரும் ஊர் இது. அவ்வளவு தூரம் வந்த பொருள், வீவக (அரசின் வீடமைப்புக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டுக் குப்பைக்குழாயில் மேலிருந்து கீழே போகும் சத்தத்தோடு முடிந்துபோகிறது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்கிறேன். 2010-இல் சிங்கப்பூர் வீடுகளில் சராசரியாக 3.5 பேர் இருந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 3.22. தனியாக வாழ்பவரின் வீடுகள் அதே பத்தாண்டில் 12.2 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிட்டன. வீடு சுருங்கிக்கொண்டே போகிறது. பேரங்காடியில் பொட்டலம் மட்டும் கூட்டுக் குடும்பத்துக்குப் போட்ட மாதிரியே இருக்கிறது. முழு முட்டைக்கோஸ், ஒரு கிலோ காரட், கொத்தமல்லிக்கட்டு, ஐந்து கிலோ அரிசி. இவற்றை வாங்குகிற ஒருவர் அவற்றைத் தின்று முடிக்க வேண்டிய கெடுவும் சேர்த்தே வாங்குகிறார்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். வீட்டுக்குக் கீழேயே பேரங்காடி இருந்தும் அவர் காய் வாங்க தீவின் வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு ரயிலேறுவார். முழங்கால் வலியோடு எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “அங்கதான்மா பாதி கொடுப்பான்” என்றார். ஒருநாள் கூடவே போனபோது பார்த்தேன். “தம்பி, கோசு பாதி போதும்ப்பா.” அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை எடுத்துப் பிளந்தார். பூசணியில் ஒரு கீற்று, இஞ்சியில் ஒரு விரல், பச்சை மிளகாய் ஒரு கைப்பிடி. துருவிய தேங்காயும் வேண்டிய அளவுக்கு நிறுத்துத் தருகிறார்கள். கறிவேப்பிலை கொசுறு. அந்தப் பெரியம்மாவின் வீட்டில் காய் அழுகி நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் அவருடைய சிக்கனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கேட்ட அளவுக்கு வெட்டித்தரும் ஒரு கடைக்காரர் இல்லாவிட்டால் அந்தச் சிக்கனத்துக்குக் கை கால் கிடையாது.

ஈரச்சந்தை செய்வதைப் பேரங்காடி ஏன் செய்யக்கூடாது? காயை உதிரியாக வைத்துத் தராசும் வைத்தால் போதும். பிரிட்டனில் உணவு விரயத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ‘ராப்’ என்ற அமைப்பு 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆப்பிள், வாழைப்பழம், புரோக்கலி, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகிய ஐந்தை மட்டும் உதிரியாக விற்று, அவற்றின் மேல் தேதி அச்சடிப்பதையும் விட்டுவிட்டால், அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 1,00,000 டன் உணவு மிச்சமாகும் என்றது. வீட்டில் யாரும் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத மிச்சம் அது. அதே ஆண்டில் அங்குள்ள மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைத்தொடர் 300-க்கு மேற்பட்ட காய்கனி வகைகளிலிருந்து தேதியை எடுத்துவிட்டது. நல்ல உருளைக்கிழங்கை நமக்குக் கண்ணால் பார்த்தாலே தெரியும். முளைவிட்டதும் பச்சை பாய்ந்ததும் தெரியும்.

மலிவு விலை அட்டையைப் பற்றிப் பேசாமல் அளவுப் பேச்சு முடியாது. ஒன்று வாங்கினால் ஒரு விலை, இரண்டு வாங்கினால் குறைந்த விலை என்பது இங்கே எந்தப் பேரங்காடியிலும் உள்ளது. சோப்புக்கும் பருப்புக்கும் அது நல்லது, யாருக்கும் நட்டமில்லை. கீரைக்கும் தயிருக்கும் ரொட்டிக்கும் அதே அட்டையைத் தொங்கவிடுவதுதான் தவறு. இரண்டாவது பொட்டலத்தைக் கடையின் அலமாரியிலிருந்து நம் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடி 2013-இல் தன் பொருள்கள் எங்கெங்கே வீணாகின்றன என்று தானே ஆராய்ந்து வெளியிட்டது. பையில் அடைத்து விற்ற சாலட் இலைகளில் 68 விழுக்காடு யார் வயிற்றுக்கும் போகவில்லை என்று தெரிந்ததும், பெரிய பைகளுக்கு அந்த மாதிரிச் சலுகை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொள்ளும் முடிவு. அப்படியொரு கணக்கை நம் ஊர்க் கடைத்தொடர்களும் தங்கள் பெயரைப் போட்டு வெளியிட வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குழப்பம் அதிகம். சிங்கப்பூரின் உணவு விதிமுறைகள், உறையின் மேல் ‘யூஸ் பை’, ‘செல் பை’, ‘எக்ஸ்பைரி டேட்’, ‘பெஸ்ட் பிஃபோர்’ ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் போட அனுமதிக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே செய்தி அல்ல. கோழி இறைச்சியில் தேதி தாண்டினால் உடம்புக்கு ஆபத்து. மிளகாய்த்தூளிலோ பிஸ்கட்டிலோ ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டினால் மணமும் மொறுமொறுப்பும் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது எண்கள்தான். எண் தாண்டிவிட்டதா, தூக்கிப் போடு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், பிள்ளைக்குச் சோறூட்டும் வீட்டில், அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்ல வேண்டியது, இரண்டு வேறு செய்திகளை ஒரே மாதிரி எழுத்தில் ஒரே மூலையில் அச்சடிக்கும் உற்பத்தியாளரை. கெட்டுப்போகிற உணவுக்கு ஒரு குறி, சுவை குறைகிற உணவுக்கு வேறொரு குறி, தூரத்திலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்படி இருக்க வேண்டும். நிறத்தில் வேறுபடுத்தலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சுக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் செய்ததையெல்லாம் இங்கே அப்படியே இறக்கிவிட முடியாது. பிரிட்டனின் மாரிசன்ஸ் பேரங்காடி 2022-இல் தன் பாலில் பெரும்பகுதிக்கு ‘யூஸ் பை’ தேதியை எடுத்துவிட்டு, முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது. அங்கே அது நல்ல முடிவாக இருக்கலாம். பால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற நமக்கு அது பொருந்தாது. இங்கே பாலுக்குக் கண்டிப்பான தேதி இருக்கட்டும். நான் கேட்பது, தேவையில்லாத இடத்தில் இருக்கும் கண்டிப்பை எடுங்கள் என்பது.

ரொட்டிக்குத் தேதியைவிட அவசியம் ஒரு வரி அறிவுரை. நம் ஊர் ஈரப்பதத்தில் ரொட்டி மேசைமேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கிறது என்று பலர் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். அங்கே பூஞ்சை சீக்கிரம் வராது, ஆனால் ரொட்டி இன்னும் வேகமாக வறண்டு விறைத்துப்போகும். மாவுச்சத்து மீண்டும் இறுகுவது அந்தக் குளிரில்தான் விரைவாக நடக்கிறது. உறைபெட்டியில் வைத்தால் அந்த இறுக்கம் நின்றுவிடும்; வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேரே டோஸ்டரில் போடலாம், மிருதுவாக வரும். இது ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த விஷயம். அதை ஏன் உறையின் மேல் போடுவதில்லை? பிரிட்டனில் 2017-இல் வந்த வழிகாட்டுதல்படி, உறையவைக்கக்கூடிய பொருளில் ஒரு பனிப்பூ படம் போடச் சொல்கிறார்கள். படம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. சிங்கப்பூரில் உறையின் மேலுள்ள குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் தெரியாது. வீட்டு வேலைக்கு வந்திருக்கும் மியன்மார்ப் பெண்ணுக்கும் சரியாகத் தெரியாது. ஒரு பனிப்பூ மூவருக்கும் புரியும்.

இனி நம் சமாச்சாரம். இட்லி மாவு.

சிராங்கூன் சாலைப் பக்கத்திலிருந்து தீவின் மூலைமுடுக்கெல்லாம் போகும் மாவுப் பொட்டலங்களைப் பற்றி யாரும் உணவு விரயக் கூட்டங்களில் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தமிழ் வீடுகளில் வீணாகும் பொருள்களில் அதற்கு நல்ல இடம் உண்டு என்பது என் எண்ணம். மாவு மற்றப் பொருள்களைப் போல் சும்மா கிடப்பதில்லை. பெட்டிக்குள்ளும் மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும். கடையில் இரண்டு நாள் இருந்த பொட்டலமும் இன்று காலை அரைத்த பொட்டலமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். எடுத்து வந்து பிரித்தால் ஒன்று இட்லிக்கு ஆகும், இன்னொன்று தோசைக்கே சந்தேகம். இட்லி வார்க்கலாம் என்று வாங்கியவர் தட்டையான இட்லியைப் பார்த்துவிட்டு மிச்ச மாவைக் கொட்டிவிடுகிறார். அதே மாவு ஊத்தப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும் அருமையாக இருந்திருக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினால் புளிப்பே ஒரு ருசி.

அதனால் நான் மாவு விற்பவர்களிடம் கேட்பது கடைசித் தேதியை விட முதல் தேதியை. எப்போது அரைத்தது என்று போடுங்கள். நாளோடு, காலையா மாலையா என்பதும் இருந்தால் இன்னும் நல்லது. இத்தனை நாளுக்குள் இட்லி, அதற்குப் பிறகு தோசை, அதற்கும் பிறகு பணியாரம் என்று தமிழில் இரண்டு வரி போடுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். இன்று அந்தப் பொட்டலத்தை எடுக்கிறவர் பல்கலைக்கழக மாணவராக இருக்கலாம், தமிழ்ப் பெண்ணைக் கட்டிய மலாய்க்காரராக இருக்கலாம், வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் தம்பியாக இருக்கலாம்.

அரைக் கிலோ பொட்டலம் வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இதை நான் வழக்கமாக வாங்கும் கடையில் கேட்டேன். “போடலாம் அக்கா, ஆனா பை ரெண்டாவுது, ஆள் கூலி ரெண்டாவுது. விலைய பாதியா வைக்க முடியாதே” என்றார் கடைக்காரர். நியாயமான பேச்சு. சின்னப் பொட்டலம் என்றால் பிளாஸ்டிக்கும் கூடத்தான். பாத்திரம் கொண்டுவந்தால் அளந்து ஊற்றித் தருவீர்களா என்றேன். சுத்தம், கலப்படம், புகார் என்று அவருக்கு ஆயிரம் கவலை. அரைக் கிலோவுக்கு ஒரு கிலோவின் பாதிக்கு மேல் இருபது முப்பது காசு கூட வையுங்கள், வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனதாரச் சொன்னேன். கொட்டப்போகிற அரைக் கிலோவுக்குக் காசு கொடுப்பதைவிட அது மலிவு.

அரிசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது பல வீடுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கினோம். பிறகு சிங்கப்பூருக்கு விலக்குக் கிடைத்தது. அதற்குள் எத்தனை வீட்டு அரிசியில் வண்டு விழுந்ததோ. ஆனால் வீட்டில் உண்மையில் வீணாவது அரிசியை விடச் சோறுதான். புழுங்கலரிசி சோறாகும்போது ஒரு விதமாகப் பெருகும், பச்சரிசி ஒரு விதம், பாஸ்மதி ஒரு விதம், தாய்லாந்து மல்லிகை அரிசி ஒரு விதம். அரிசி பிராண்டை மாற்றிய வாரம் சோறு மிஞ்சுவது இதனால்தான். ‘இந்த அரிசி, குக்கர் கப் ஒன்றுக்கு இத்தனை பேருக்குப் போதும்’ என்று பையின் பின்னால் ஒரு வரி போட அரிசி வணிகர்களுக்கு என்ன செலவு?

கடைகள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஃபேர்பிரைஸ் பேரங்காடித் தொடர் 2014-லிருந்தே அடிபட்ட, ஆனால் நல்ல காய்கனிகளை வெட்டிப் பொதிந்து குறைந்த விலைக்கு விற்கிறது. மிஞ்சிய ரொட்டியிலிருந்து பீர் தயாரிக்கும் கிரஸ்ட் என்ற நிறுவனம் 2019-இல் இங்கே தொடங்கியது. எஸ்ஜி ஃபுட் ரெஸ்கியூ தொண்டூழியர்கள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்தும் லிட்டில் இந்தியாவிலிருந்தும் விலைபோகாத காய்களை மீட்டுப் பகிர்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நன்கொடை உணவுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் முன்னெடுத்த தனிநபர் மசோதா அது. உணவு கொடுக்கும்போது பாதுகாப்பாக இருந்து, எப்படிப் பராமரிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் உண்பது என்பதைச் சொல்லிக்கொடுத்து, சுகாதார விதிகளையும் கடைப்பிடித்திருந்தால், பிறகு நேரும் கேட்டுக்குக் கொடுத்தவர் பொறுப்பாகமாட்டார். வழக்கு வருமே என்று பயந்து நல்ல உணவைக் கொட்டிய கடைகளுக்கு இனி அந்தக் காரணம் இல்லை.

இவையெல்லாம் கடையில் மிஞ்சுவதைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். விற்றுப்போனதும் கடையின் கணக்குப் புத்தகத்தில் அந்த உணவு வெற்றி. அது நம் வீட்டில் வெற்றியா என்று எந்தப் புத்தகமும் கேட்பதில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் தந்த அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. கடைகளில் வீணானது அதில் எட்டில் ஒரு பங்குதான். தேதி நெருங்கிய தயிரை நான்கு நான்காகக் கட்டிப் பாதி விலைக்கு விற்றால் கடையின் எண் இன்னும் அழகாகும், வீட்டின் எண் ஏறும். தேதி நெருங்கியதை ஒவ்வொன்றாக விற்கலாமே. ஜப்பானில் 2021 முதல் அரசும் கடைகளும் சேர்ந்து, இன்றே உண்ணப்போவதாக இருந்தால் அலமாரியின் முன்வரிசையிலிருந்து எடுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றன. நம்மில் பலர் கையை உள்ளே விட்டுப் பின்வரிசையைத் துழாவுகிறோம். முன்வரிசைக்குச் சிறிது விலை குறைத்தால் கை தானாக முன்னால் நிற்கும்.

சின்ன அளவுக்கு விலை கூட என்பது எனக்குத் தெரியும். அலமாரி அட்டையில் 100 கிராமுக்கு என்ன விலை என்று போடும் கடைகளில் பெரிய பொட்டலமே எப்போதும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பெரிய ரொட்டி மூன்று வெள்ளி, அதில் பாதி அளவுள்ள சின்னது இரண்டு வெள்ளி. பெரியதில் பாதியைக் குப்பையில் போட்டால் தின்ற பாதிக்கு நாம் கொடுத்தது மூன்று வெள்ளி. இந்தக் கணக்கு வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், உண்மைதான். ஆனால் வருமானம் குறைந்த வீட்டில், தனியாக இருக்கும் முதியவரிடம், கூடுதல் விலை கொடுத்துச் சின்னதை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே விலையை இறக்க வேண்டியது கடையும் உற்பத்தியாளரும்தான். எல்லாப் பொருளிலும் வேண்டாம். அதிகம் வீணாவதாக வாரியமே சொன்ன ரொட்டியிலிருந்து தொடங்கட்டும்: அரை ரொட்டியின் விலை முழு ரொட்டியின் விலையில் சரிபாதி. ஒரு கடைத்தொடர், ஒரு ரொட்டி நிறுவனம், ஓராண்டு செய்து பார்த்துக் கணக்கை வெளியிடட்டும். கருத்துப் படிவத்தில் இதைத்தான் எழுதிப் போட்டுவருகிறேன். நீங்களும் உங்கள் கடையில் எழுதிப் போடுங்கள். மாவு, அரிசி, கொத்தமல்லி, எதில் உங்களுக்கு அளவு பொருந்தவில்லையோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.